தொலைவின் ஓசை: வானொலி ஆர்வலர் மரபும் புதிய ஒலிக்கலையும்

செய்தித் தொடர்புக் கருவிகளின் வரலாறு தொலைவை வென்ற வரலாறு என்று பொதுவாகக் கூறப்படும். கால்நடையாகச் சென்ற தூதனும், கடலைக் கடந்த கப்பலும், கம்பிவழிச் சென்ற தந்தியும், கம்பியின்றிச் சென்ற வானொலியும், இன்று கைக்குள் அடங்கும் தொலைபேசியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைவைச் சுருக்கி வந்தன. ஒவ்வொரு புதிய கருவியும் தனக்கு முந்தியதன் குறையை நீக்கியது. இரைச்சல் குறைந்தது, தாமதம் மறைந்தது, செய்தி சிதையாமற் சென்றது. பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே ஒன்றுமே இல்லை என்னும் மயக்கம் தோன்றுமளவிற்கு இக்கருவிகள் திருந்தின.

ஆயின், இவ்வரலாற்றுக்கு எதிர்த்திசையிற் செல்வதுபோலத் தோன்றும் ஒரு கலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மேல்நாடுகளிற் பிறந்தது. பொறியியலாளர் அகற்ற முயன்ற இரைச்சலையும் தாமதத்தையும் சிதைவையுமே அது தன் மூலப்பொருளாகக் கொண்டது. வானொலிப்பெட்டியை வாத்தியமாகவும் சந்திரனை எதிரொலிக்கும் சுவராகவும் அது பயன்படுத்தியது. இப்படைப்புக்களைக் கேட்டோருட் சிலர் 'இது வித்தையேயன்றிக் கலையன்று' என ஒதுக்கினர். வேறு சிலர் புதுமை என்ற ஒன்றினாலேயே இவற்றைப் போற்றினர். இவ்விரு சாராரும் தவறவிட்ட அளவுகோல் ஒன்றுண்டு. அஃது இக்கலைக்கு மூத்ததாகிய வானொலி ஆர்வலரின் மரபிலேயே கிடைக்கின்றது. அதைக்கொண்டு நோக்கின், இவற்றுள் நிலைபெறத் தக்கவை எவை, வெறும் விளையாட்டாய் ஒழிவன எவை என்பது ஓரளவு தெளிவாகும்.

ஆர்வலரின் செவி

வானொலி ஆர்வலர் எனப்படுவோர், ஊதியங் கருதாது விருப்பம் ஒன்றினாலேயே உரிமம் பெற்று, வீட்டிலே சிறு வானொலி நிலையம் அமைத்து, உலகெங்குமுள்ள தம்மையொத்தாருடன் தொடர்பு கொள்வோராவர். 'ஹாம்' என்னும் பெயரும் இவர்க்குண்டு. 1901 டிசெம்பர் 12 ஆம் நாள், இங்கிலாந்தின் போல்டு என்னுமிடத்திலிருந்து அனுப்பப்பெற்ற மூன்று புள்ளிகளாகிய ஓர் எழுத்தை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்திலே தாம் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அதன் பின்னர்ப் பல நாடுகளிலும் இளைஞர் தாமே கருவிகளை அமைக்கத் தொடங்கினர். 1912 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவிலே நிறைவேறிய சட்டம் இத்தகையோரை 200 மீற்றரும் அதற்குக் குறைந்தவுமாகிய அலைநீளங்களுள் ஒதுக்கியது. நீண்ட அலைகளே நெடுந்தூரம் செல்லும் என்று கருதப்பட்ட காலம் அது. எனவே, பயனற்றதென எண்ணிய பகுதியே ஆர்வலர்க்கு விடப்பட்டது.

அவ்வாறு கழித்து விடப்பட்ட பகுதியிலேதான் பெரும் புதையல் இருந்தது. 1923 நவம்பரில் பிரான்சிய ஆர்வலர் ஒருவரும் அமெரிக்க ஆர்வலர் இருவரும் ஏறத்தாழ 110 மீற்றர் அலைநீளத்தில் அத்திலாந்திக்கைக் கடந்து இருவழித் தொடர்பு கொண்டனர். சிற்றலைகள் வானத்தின் உயரத்திலுள்ள அயன மண்டலத்தினால் மீண்டும் நிலத்தை நோக்கித் திருப்பப்படுவதால், சிறு வலுவுடைய நிலையத்தின் குரலும் உலகின் மறுபுறத்தை எட்டவல்லது என்பது பின்னர் விளங்கிற்று. பிறர் கழித்ததைக் கைக்கொண்டு அதனுட் பொருள் காணும் இவ்வியல்பு, பின்வந்த ஒலிக்கலைக்கும் பிறப்பியல்பாய் அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

ஆர்வலரின் முதற் கருவி கையன்று, செவியே. இரவிலே செவிப்பொறியை அணிந்து, இரைச்சற் கடலினுள்ளே மெலிந்து ஒலிக்கும் ஒரு மோர்ஸ் குறியைப் பிரித்தறிதல் நீண்ட பயிற்சியால் வருவது. இத்துறையினர் இரைச்சலையும் ஒன்றென்று கொள்ளாது வகைப்படுத்திப் பெயரிட்டனர். பிற நிலையங்களின் குறுக்கீட்டைக் 'கியூ.ஆர்.எம்.' என்றும், மின்னல் முதலிய இயற்கையால் எழும் இரைச்சலைக் 'கியூ.ஆர்.என்.' என்றும், குறி வலுத்தும் மெலிந்தும் மறைந்தும் வருதலைக் 'கியூ.எஸ்.பி.' என்றும் வழங்கினர். இம்மூன்றிற்கும் மேலாக ஆர்வலரின் ஒழுகலாற்றை உணர்த்துவது 'சீ.கியூ.' என்னும் அழைப்பாகும். கேட்பவர் எவராயினும் மறுமொழி தருக என்பதே அதன் பொருள். யார் கேட்பர் என அறியாது அழைத்தலும், அழைத்த பின்னர் வாளாவிருந்து செவிசாய்த்தலும் அம்மரபின் உயிராகும். அழைத்துவிட்டுக் கேளாதவன் ஆர்வலன் ஆகான்.

இக்கூறுகளை மனத்திற் கொண்டு படைப்புக்களை நோக்குதல் தகும்.

ஜோன் கேஜ்: பன்னிரண்டு வானொலிகள்

வானொலிப்பெட்டியை மேடையேற்றியோருள் முதன்மையானவர் அமெரிக்க இசையாளர் ஜோன் கேஜ் (1912–1992). 1951 ஆம் ஆண்டு அவர் இயற்றிய 'கற்பனை நிலக்காட்சி, இலக்கம் 4' என்னும் படைப்பிலே வயலினும் இல்லை, பியானோவும் இல்லை. பன்னிரண்டு வானொலிப்பெட்டிகளும் இருபத்து நான்கு கலைஞருமே உள்ளனர். ஒவ்வொரு பெட்டிக்கும் இருவர். ஒருவர் நிலையத்தைத் திருப்புவார். மற்றவர் ஒலியைக் கூட்டியும் குறைத்தும் வருவார். எப்பொழுது, எந்த அளவிற்குத் திருப்புதல் வேண்டும் என்பதெல்லாம் இசைக் குறிப்பாக எழுதப்பட்டுள்ளது. அக்குறிப்போ 'யி சிங்' என்னும் பழைய சீன நிமித்த நூலின் முறைப்படி நாணயங்களைச் சுண்டிப் பெற்ற தற்செயல் விடைகளைக்கொண்டு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு மே 10 ஆம் நாள் நியூயோர்க்கிலே கொலம்பியாப் பல்கலைக்கழக அரங்கில் இது முதன்முறை நிகழ்ந்தபோது நள்ளிரவு அணுகிவிட்டது. நிலையங்கள் பல அன்றைய ஒலிபரப்பை முடித்துக்கொண்டன. குறிப்பு விதித்த ஒலியளவும் மிகத் தாழ்ந்தது. ஆகவே அவையோர் கேட்டது பெரும்பாலும் மெல்லிய இரைச்சலும் இடையிடையே சொற்றுணுக்குகளுமே.

இதனைக் கேலிக்கூத்தென்று தள்ளுதல் எளிது. ஆயினும் கேஜின் நோக்கம் கேலியன்று. 1946 ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து நியூயோர்க் சென்ற கீதா சாராபாய் என்னும் இசைப் பயிற்சியுடைய பெண்மணியிடம் அவர் இந்திய இசையின் கொள்கைகளைக் கற்றார். அதற்கு ஈடாக மேலைநாட்டு இசை முறையைக் கற்பித்தார். இசையின் பயன் யாது என்ற வினாவிற்கு, மனத்தை அடக்கி அமைதிப்படுத்தித் தெய்விகத்தை ஏற்கத் தகுதியாக்குதல் என்னும் கருத்தை அவரிடமிருந்தே கேஜ் பெற்றார். கொழும்பிலே 1877 இற் பிறந்தவரும் சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தருமாகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் நூல்களும் கேஜை ஆட்கொண்டன. கலையானது இயற்கையின் வெளித்தோற்றத்தைப் பின்பற்றுவதன்று, இயற்கை தொழிற்படும் முறையைப் பின்பற்றுவது என்னும் கொள்கையை அவர் அந்நூல்களிலிருந்தே எடுத்தாண்டார். மழை எங்கே பெய்தல் வேண்டும் எனத் தேர்ந்து பெய்வதன்று. அதுபோலவே இசையமைப்பாளனும் தன் விருப்பு வெறுப்பை விலக்கி, வருவதை வருமாறு விடுதல் வேண்டும் என்று கேஜ் கருதினார்.

குமாரசுவாமியின் கொள்கையைக் கேஜ் பெற்ற விதத்தில் ஒரு குறைபாடு உண்டென்பதை மறுத்தற்கில்லை. குமாரசுவாமி கண்ட இந்தியக் கலைஞன் தன் விருப்பைத் துறந்தது சாத்திரத்துக்கும் தியானத்துக்கும் தன்னை ஒப்புவித்தமையினாலாகும். கேஜோ தம் விருப்பை நாணயத்திற்கு ஒப்புவித்தார். துறவு ஒன்றே எனினும் சென்றடையும் இடம் வேறு. அவ்வாறாயினும், வானொலி ஆர்வலரின் அளவுகோலால் நோக்கும்போது அப்படைப்பின் சிறப்பு புலனாகும். 'கியூ.ஆர்.எம்.' எனத் தள்ளப்பட்ட குறுக்கீட்டையே கேஜ் பொருளாக்கினார். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு நாளிலும் அப்படைப்பு வெவ்வேறாக ஒலிக்கும். இசைக் குறிப்பு ஒன்றே. அதனை நிரப்புவது அவ்வேளையில் அவ்வூரின் வானிலே உலாவும் குரல்கள். பேசிக்கொண்டிருந்த உலகத்தைக் கேட்கும் ஓர் அவையை அவர் உண்டாக்கினார். எனினும் அங்கே அழைப்பு என்பது இல்லை. இருபத்து நான்கு பேரும் கேட்கின்றனர். எவரும் எவரையும் அழைக்கவில்லை.

ஸ்ரொக்ஹவுசனின் 'சிற்றலைகள்'

ஜேர்மனியரான கார்ல்ஹைன்ஸ் ஸ்ரொக்ஹவுசன் (1928–2007) வேறொரு வழியை மேற்கொண்டார். 1968 மே மாதத்தில் பிறேமன் நகரிலே முதன்முறை நிகழ்ந்த 'சிற்றலைகள்' என்னும் படைப்பில், வாத்தியக் கலைஞர் தம் முன்னே ஒவ்வொரு சிற்றலை வானொலியை வைத்திருப்பர். வாத்தியங்களாவன பியானோ, மின்வலுப் பெற்ற வியோலா, மின்னிசைக் கருவியொன்று, ஒலிவாங்கியால் தடவிக் கேட்கப்படும் பெரிய வெண்கலத் தட்டு என்பன. கலைஞர் சிற்றலையிலே துழாவி ஓர் ஒலியைக் கண்டெடுப்பர். அதனைத் தம் வாத்தியத்தாற் பின்பற்றி, பின்பு படிப்படியாக மாற்றிச் செல்வர். குறிப்பிலே சுரங்கள் எழுதப்படவில்லை. கூட்டல், கழித்தல், சமன் ஆகிய அடையாளங்களே உள்ளன. கூட்டல் வரின், முன் ஒலித்ததினும் உயர்ந்தோ நீண்டோ வலுத்தோ ஒலித்தல் வேண்டும்; கழித்தல் வரின் அதற்கு மாறாக ஒலித்தல் வேண்டும்; சமன் வரின் அவ்வாறே நிற்றல் வேண்டும்.

கேஜிடம் இல்லாத ஒன்று ஈண்டு உண்டு. ஸ்ரொக்ஹவுசனின் கலைஞர் கேட்டதற்கு மறுமொழி கூறுகின்றனர். எங்கிருந்தோ வந்த ஒரு பாட்டின் துணுக்கு, மோர்ஸ் குறியின் துடிப்பு, இரு நிலையங்களுக்கிடையே எழும் சீழ்க்கை ஆகியன வாத்தியத்திற் புகுந்து உருமாறுகின்றன. செவியின் கூர்மையையும் கையின் விரைவையும் ஒருங்கே வேண்டுவதால், பயிற்சியுடைய கலைஞரின்றி இதனை நிகழ்த்தல் இயலாது. இசை என்ற அளவிலே நோக்கின், இவ்வகைப் படைப்புக்களுள் செறிவு மிக்கது இதுவே எனலாம்.

ஆயினும் ஒரு தடை எழுகின்றது. வெளியிலிருந்து வரும் குரல் இங்கே விருந்தினனாக வரவேற்கப்படவில்லை, மூலப்பொருளாகக் கவரப்படுகின்றது. எந்நாட்டார் எம்மொழியில் என்ன கூறினர் என்பது கலைஞர்க்கு வேண்டப்படுவதன்று. அது கூட்டலுக்கும் கழித்தலுக்கும் உட்பட்ட ஓர் ஒலியாக மாறிவிடுகின்றது. பேசினோன் தன் பேச்சு எங்கே சென்றது என அறியான். மறுமொழி உண்டு, ஆனால் அம்மறுமொழி அழைத்தோனைச் சென்றடைவதில்லை.

சீழ்க்கையும் மின்னலும்

அழைத்தோனுக்கே மறுமொழி சென்றடைய வேண்டுமாயின் தொலைபேசி எளிய வழியாகும். அமெரிக்கரான மக்ஸ் நியூஹவுஸ் (1939–2009) 1966 இல் நியூயோர்க் வானொலி நிலையமொன்றிலே பத்துத் தொலைபேசிகளை இணைத்து, நேயர் தரும் ஒலிகளைக் கலந்து அவர்க்கே ஒலிபரப்பினார். 1977 சனவரி 2 ஆம் நாள் அதனையே விரித்து, 190 நிலையங்களையுடைய வலைப்பின்னலில் இரண்டு மணி நேரம் நேயரைச் சீழ்க்கையடிக்கச் செய்தார். நிலையங்களை இணைத்த கம்பிகளே வளையமாகச் சுழன்று அச்சீழ்க்கைகளை மீட்டும் மீட்டும் புரட்டின. பொதுமக்களைக் கலைஞராக்கிய முயற்சி என்ற வகையிற் பாராட்டத்தக்கதாயினும், அழைத்தோர் ஒருவரையொருவர் அறியும் வாய்ப்பு அதிலே குறைவு. ஆயிரக்கணக்கான சீழ்க்கைகள் ஒன்றாகும்போது ஒருவரின் சீழ்க்கை எங்கே என்று காண்டல் அரிது.

அல்வின் லூசியர் (1931–2021) மனிதக் குரலையே விட்டு விலகினார். மின்னலொன்று தோன்றும்போது ஒளியோடு வானொலி அலையும் எழும். அவ்வலைகளுட் சில புவியின் காந்தப் புலக் கோடுகள் வழியே பல்லாயிரம் கிலோமீற்றர் விண்ணிற் சென்று மறு கோளார்த்தத்தில் இறங்கும். உயர்ந்த மீடிறன் முன்னும் தாழ்ந்த மீடிறன் பின்னும் வந்து சேர்வதால், அது மேலிருந்து கீழாக இறங்கும் நீண்ட சீழ்க்கைபோல் ஒலிக்கும். முதலாம் உலகப்போர்க் காலத்திலே தொலைபேசிப் பேச்சை ஒற்றுக் கேட்டோர் இதனைக் கேட்டு வியந்தனர். ஓவன் ஸ்ரோரி என்னும் ஆராய்ச்சியாளர் 1953 இல் இதன் காரணத்தை விளக்கினார். இவ்வலைகளின் மீடிறன் செவிக்குரிய எல்லைக்குள்ளேயே இருத்தலால், ஓர் அன்ரெனாவும் ஒலிபெருக்கியும் அவற்றை ஓசையாக்கப் போதுமானவை. லூசியர் 1981 இல் கொலராடோ மலைப்பகுதியிலே இவ்வொலிகளைப் பதிவுசெய்து, யாதொரு மாற்றமுமின்றித் தம் படைப்பாக வழங்கினார். 'கியூ.ஆர்.என்.' என்னும் இயற்கை இரைச்சல் இங்கே தானே பாடகனாகின்றது. ஆகாயத்தின் குணம் சத்தம் என்று கூறும் இந்தியத் தத்துவ மரபில் வந்தோர்க்கு இப்படைப்பு அந்நியமாய்த் தோன்றாது. எனினும் இஃது அழைப்போனும் இன்றி, விடைதருவோனும் இன்றி நிகழும் ஓசை. கேட்போனை அடக்கமுடையவனாக்கும், அவனோடு உறவாடாது.

ஒலிவெரோசும் சந்திரனும்

அழைத்தல், காத்தல், கேட்டல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த படைப்பு போலின் ஒலிவெரோஸ் (1932–2016) என்னும் அமெரிக்கப் பெண்மணியுடையது. அக்கோடியன் வாசிப்பவராகிய அவர், தம் குழந்தைப் பருவத்திலே தந்தையாரின் சிற்றலை வானொலியில் நிலையங்களுக்கிடையே எழுந்த சீழ்க்கைகளையும் கரகரப்பையும் விரும்பிக் கேட்டவர். பிறர் விரைந்து கடந்து செல்லும் இடைவெளியே அவர் செவிக்கு இனித்தது. பிற்காலத்தில் 'ஆழ்ந்து கேட்டல்' என்னும் பயிற்சியைத் தம் வாழ்நாட் பணியாக அவர் மேற்கொண்டமைக்கு வித்து அங்கேயே இடப்பட்டது எனலாம்.

அவரது 'சந்திரனிலிருந்து எதிரொலிகள்' 1987 ஆம் ஆண்டு வானொலி ஆர்வலரின் துணைகொண்டு தொடங்கப்பெற்றது. அதன் தொழில்நுட்பம் ஆர்வலர்க்குப் புதியதன்று. 1946 சனவரியிலே அமெரிக்கப் படைத்துறையின் செய்திப் பிரிவினர் சந்திரனை நோக்கி வானொலி அலையை அனுப்பி எதிரொலி பெற்றனர். 1960 ஜூலையில் ஆர்வலர் குழுக்கள் இரண்டு சந்திரனைச் சுவராகக்கொண்டு தம்முள் உரையாடின. சந்திரனின் சராசரித் தூரம் 384,400 கிலோமீற்றர். ஒளியின் வேகத்தோடு செல்லும் அலை சென்று திரும்ப ஏறத்தாழ இரண்டரை விநாடி எடுக்கும். சந்திரனோ தன்மேற் படும் வானொலி அலையுள் நூற்றுக்கு ஏழு பங்களவையே திருப்பும். திரும்புவதும் எத்திசையிலும் சிதறி, நிலத்தை அடையும்போது அணுவினும் சிறிதாய் மெலிந்துவிடும். இவ்வளவு இழப்பினூடும் மீண்டு வருவதைப் பிடித்தலே ஆர்வலரின் திறம்.

ஒலிவெரோஸ் தம் குரலையும் வாத்திய ஒலியையும் சந்திரனுக்கு அனுப்பினார். இரண்டரை விநாடி கழித்து, மெலிந்தும் கரகரத்தும், நிலவும் நிலமும் இயங்குதலால் மீடிறன் சிறிதே பிறழ்ந்தும் அவை மீண்டன. மீண்ட ஒலியோடு சேர்ந்து அவர் மேலும் வாசித்தார். இரண்டரை விநாடி என்பது உரையாடலுக்கு நீண்டது, மறதிக்குக் குறுகியது. பாடுவோன் விரைந்தால் தன் எதிரொலியோடு மோதுவான். காத்தால் வெறுமையைக் கேட்பான். அக்கால இடைவெளியை அவர் நீக்க முயலவில்லை. தாளத்திலே ஓய்வுக்கும் எண்ணிக்கை உண்டு என்பதுபோல, அவ்விடைவெளியையே தம் இசையின் அளவாகக் கொண்டார். பின்னிகழ்ந்த நிகழ்ச்சிகளில் அவையோரும் வரிசையாக வந்து தம் குரலைச் சந்திரனுக்கு அனுப்பிக் கேட்டனர்.

இப்படைப்பின் பெருமை பொறியின் பெருமையிலே தங்கியதன்று. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அது போய் வருமளவும் வாய் மூடி நிற்கும் மனிதனை அது மேடைக்குக் கொணர்ந்தது. தொலைவு என்பதை எண்ணாகப் பலரும் அறிவர். காலமாகவும் ஓசையாகவும் அறிந்தோர் சிலரே. தமிழிலே தூது என்னும் இலக்கிய வகையை இங்கே எண்ணிப் பார்த்தல் பொருத்தமாகும். அன்னமும் மேகமும் தென்றலும் விடுக்கப்படும் அவ்வகையில், தூது சென்று விடை கொணர்ந்ததா என்பதைப் பாட்டுப் பொருட்படுத்துவதில்லை. விடுத்தோரின் நெஞ்சம் வெளிப்படுதலே அங்குப் பயன். மரபு வகுத்த தூதுப்பொருள் பத்தினுள் சந்திரன் இடம்பெறவில்லை. ஆயின் ஒலிவெரோசின் சந்திரத் தூது மீண்டு வருகின்றது. விடுத்தோரின் குரலையே, பயணத்தின் தழும்புகளோடு, விடையாகத் தருகின்றது.

இது தன் குரலைத் தானே கேட்கும் தற்காதலன்றோ எனச் சிலர் வினவலாம். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. எதிரொலி மற்றொருவரின் மறுமொழி ஆகாது. ஆயினும் மீண்ட குரல் சென்ற குரலாக இல்லாமையே இங்கு நோக்கத்தக்கது. நடுவிலே நின்ற ஒன்று அதனை மாற்றிவிட்டது. தன் சொல் பிறிதொன்றின் வழியே சென்று மாறித் திரும்புவதைப் பொறுமையோடு கேட்கப் பழகியவன், பிறர் சொல்லைக் கேட்கவும் ஒருவாறு பழகியவனாவான்.

செவி ஓய்வு பெற்ற காலம்

இக்கலை வளர்ந்த காலத்திலேயே அதன் தாய்த்தொழில் மாறிவிட்டது. 1999 ஆம் ஆண்டளவிலே கடற்கப்பல்களின் ஆபத்துச் செய்திக்கு மோர்ஸ் இன்றியமையாததாய் இருந்த நிலை ஒழிந்தது. செய்ம்மதி வழி அமைப்பு அதன் இடத்தைப் பெற்றது. 2003 இல் ஜெனீவாவிலே கூடிய உலக வானொலி மாநாடு, ஆர்வலர் உரிமத்திற்கு மோர்ஸ் தேர்வு கட்டாயமன்று என விதியைத் தளர்த்தியது. ஐக்கிய அமெரிக்கா 2007 இல் அத்தேர்வை முற்றாக நீக்கிற்று. இந்தியாவின் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. அவுஸ்திரேலிய வானொலி 2017 சனவரியோடு தன் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தியது. வேறு பல நாடுகளும் அவ்வாறே செய்தன அல்லது பெரிதும் குறைத்தன.

ஆர்வலரின் செயல்முறையிலும் மாற்றம் ஆழமானது. 1993 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவரும் தாமே ஆர்வலருமாகிய ஜோசப் ரெயிலர், மிக மெலிந்த குறிகளையும் கணினியாற் பிரித்தறியும் முறைகளை வகுத்தார். அவரும் ஸ்ரீவ் பிராங்கும் 2017 இல் வெளியிட்ட 'எவ்.ரி.8' என்னும் முறையிலே கணினிகள் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை மாறி மாறிச் சிறு குறிப்புகளை அனுப்பிக்கொள்ளும். செவிக்கு எட்டாத குறியும் திரையில் எழுத்தாகத் தோன்றும். பெரிய அன்ரெனா இல்லாதவனும் இதனால் சந்திரன் வழித் தொடர்பிலும் கண்டங்களுக்கிடையே தொடர்பிலும் ஈடுபடல் கூடும். இதனை இழிவென்று கூறுதல் நன்றியற்ற செயலாகும். ஆயினும் ஒன்று நிகழ்ந்துவிட்டது. ஆர்வலரின் செவி தன் வேலையை இழந்தது.

ஸ்கொத்லாந்துக் கலைஞர் கேற்றி பற்றர்சனின் 'பூமி–சந்திரன்–பூமி' இந்நிலையிலே, அமெரிக்கா மோர்ஸ் தேர்வைக் கைவிட்ட அதே 2007 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பீதோவன் 1801 இல் இயற்றியதும் 'நிலவொளி' எனப் பெயர் பெற்றதுமாகிய பியானோ இசையை அவர் மோர்ஸ் குறிகளாக மாற்றிச் சந்திரனுக்கு அனுப்பச் செய்தார். மீண்டு வந்த குறிகளுட் பல நிலவின் மேடுபள்ளங்களில் மறைந்தொழிந்தன. எஞ்சியவை மீண்டும் இசைக் குறிப்பாக்கப்பட்டன. கண்காட்சிக் கூடத்திலே இருப்பவரில்லாத ஒரு பெரிய பியானோ அதனைத் தானே வாசித்தது. பலருக்கும் பழகிய அவ்விசை நடந்துகொண்டிருக்கையிலேயே திடீரெனச் சுரங்கள் விடுபடும். பின் மீண்டும் தொடரும். 'கியூ.எஸ்.பி.' என்னும் மங்கல் இங்கே இசையின் மௌனமாக உருப்பெறுகின்றது.

இப்படைப்பின் வலிமை அவ்விடைவெளிகளிலேயே உள்ளது. கேட்போன் அறிந்த இசையாதலால், விடுபட்டதை அவன் உள்ளம் நிரப்ப முயல்கின்றது. அம்முயற்சியே அவனை அழைப்பிற்கு விடைதருவோன் ஆக்குகின்றது. தம் செவிப்புலன் குன்றுவதைப் பீதோவன் நண்பர்க்கு எழுதி வருந்தியதும் அதே 1801 ஆம் ஆண்டிலாம் என்பதை அறிந்தோர்க்கு அம்மௌனங்கள் மேலும் கனக்கும். அவ்வாறாயினும் குறை கூறுதற்கும் இடமுண்டு. 'நிலவொளி' என்பது பீதோவன் இட்ட பெயரன்று. பிறர் பின்னர் வழங்கியது. ஆகவே சந்திரனுக்கு அவ்விசையை அனுப்பியதற்குக் காரணம் இசையிலே இல்லை, பெயரிலேயே உள்ளது. அச்சொல்லொப்புமை படைப்பை விரைவிற் புகழ்பெறச் செய்தது. ஆழத்தைச் சிறிது குறைத்தது. மேலும், அனுப்பியதும் பெற்றதும் கேட்போன் காணாத இடத்தில், காணாத காலத்தில் நிகழ்ந்தன. ஒலிவெரோசின் அவையோர் இரண்டரை விநாடி தாமே காத்தனர். பற்றர்சனின் அவையோரோ காத்திருந்ததன் விளைவை மட்டுமே கேட்கின்றனர்.

முடிவு

இப்படைப்புக்கள் அனைத்திற்கும் பொதுவான குற்றச்சாட்டு இரண்டு. விளக்கவுரையின்றி இவை விளங்கா என்பது ஒன்று. அது பெரும்பாலும் உண்மையே. ஆயின் அரும்பொருள் அறியாது கேட்போர்க்குப் பழந்தமிழ்ப் பாட்டும் முதற் கேள்வியில் விளங்குவதில்லை. விளக்கம் பெற்ற பின்னரும் மீண்டும் கேட்கத் தூண்டுகின்றதா என்பதே வினா. ஒலிவெரோசும் ஸ்ரொக்ஹவுசனும் அவ்வினாவிற்கு உறுதியாக விடையளிப்பர். நியூஹவுசைப் பற்றி அவ்வாறு கூறல் இயலாது.

மற்றொன்று, இவை தாம் சார்ந்த கருவிகளோடு அழிவன என்பது. சிற்றலையிலே குரல்கள் குறையக் குறைய ஸ்ரொக்ஹவுசனின் கலைஞர் துழாவிப் பெறுவது குறையும். நோர்வே 2017 இல் தன் நாடளாவிய பண்பலை ஒலிபரப்பை முடித்ததுபோல எல்லா நாடும் செய்யுமாயின், கேஜின் பன்னிரண்டு பெட்டிகளும் வெறும் இரைச்சலையே தரும். இதனைக் குறையென்று மட்டுங் கொள்ளுதல் பொருந்தாது. நள்ளிரவிலே நிலையங்கள் ஓய்ந்த அந்த முதல் நிகழ்ச்சி, வரவிருந்த காலத்தை முன்னரே ஒலித்துக் காட்டியது என்று கொள்ளலாம். குரல்கள் நீங்கிய வானிலே லூசியரின் மின்னற் சீழ்க்கை எஞ்சும், சந்திரனும் எஞ்சும்.

கருவி செவியின் சுமையை இறக்கி வைத்தது. இறக்கி வைத்த அச்சுமையைக் கலை எடுத்துக்கொண்டது. முற்காலத்து ஆர்வலன் தேவையினாற் கேட்டான். இக்கலை விருப்பினாற் கேட்கக் கற்பிக்கின்றது. அனுப்பிய நொடியிலேயே விடை வாராவிடின் சினக்கும் தலைமுறைக்கு, சொல் ஒன்று போய் வருவதற்கு நேரம் உண்டு என்பதும், போய் வருங்கால் அது மாறும் என்பதும், அதுவரை வாய் மூடிச் செவி திறந்திருத்தல் வேண்டும் என்பதும் கற்கத் தக்க பாடங்களாம். அப்பாடத்தைக் கேட்போனுடைய உடலுக்கும் காலத்துக்கும் உரியதாக்கும் படைப்பே இவ்வகையிற் சிறந்தது. அப்பெருமை, இதுகாறும் ஆராய்ந்தவற்றுள், சந்திரனை நோக்கி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்து நின்ற ஒலிவெரோசின் படைப்பிற்கே முதற்கண் உரியது.